எம்.பி. சீனிவாசன்: வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டிய இசையமைப்பாளர்



விழாக்காலம் வரப்போகிறது. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, பொங்கல் என்று வரிசையாக நம் வளாகத்திலும் மேளம், மெல்லிசை, குழந்தைகளின் நடனம் எல்லாம் உண்டு. மேடையில் வாசிப்பவரை நாம் பார்க்கிறோம், கைதட்டுகிறோம், அடுத்த நாள் மறந்துவிடுகிறோம். அவருக்கு நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், வயதானால் என்ன செய்வார், வாசித்த கூலி ஒழுங்காகக் கைக்கு வந்ததா என்று நாம் யோசிப்பதில்லை. இதை யோசித்து, யோசித்ததோடு நிற்காமல் செய்தும் காட்டிய ஒருவர் இருந்தார். எம்.பி.எஸ். என்று அழைக்கப்பட்ட இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். அவர் மறைந்து 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அவர் பெயர் நினைவிருக்கும். இளையவர்களுக்காக அவர் கதையைச் சொல்கிறேன்.

மாணவர் இயக்கத்திலிருந்து

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது முழுப்பெயர். 1925 செப்டம்பர் 19 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூரில் பிறந்தார். படிப்பு சென்னையில். மயிலாப்பூர் பி.எஸ். உயர்நிலைப்பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. வசதியான குடும்பத்துப் பிள்ளை, கர்நாடக சங்கீதம் தெரிந்தவர். அந்தக் காலத்துக் கணக்குப்படி அவர் ஓர் அரசு அதிகாரியாகவோ வழக்கறிஞராகவோ வந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் படித்த ஆண்டுகள் 1940களின் ஆண்டுகள். சுதந்திரப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. மாணவர் இயக்கத்தில் சேர்ந்தார், அதன் வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனார். நம் மடலில் அரசியல் வேண்டாம் என்பது நம் சங்கத்தின் முடிவு. அதை நானும் மதிக்கிறேன். ஆனால் இந்த மனிதரின் வாழ்க்கையை இதைச் சொல்லாமல் சொல்ல முடியாது. அவர் பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர் செய்த வேலையை மட்டும் வைத்து அவரை எடைபோடலாம்.

பிறகு டெல்லிக்குப் போய், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேரளத் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் வேலை பார்த்தார். அங்கேதான் ஜாஹிதாவைச் சந்தித்து மணந்தார். ஜாஹிதாவின் தந்தை டாக்டர் சைஃபுதீன் கிச்லு. வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1919 ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் கிச்லுவையும் டாக்டர் சத்யபாலையும் வெள்ளையர் அரசு கைது செய்தது. அதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பின் தொடர்ச்சியாகத்தான் மூன்று நாள் கழித்து ஜாலியன்வாலாபாக்கில் மக்கள் கூடினார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்ணை ஒரு தமிழ் பிராமண இளைஞர் 1950களில் மணந்தார். வீட்டுக்குள்ளேயே அவர் ஒரு சின்ன இந்தியாவைக் கட்டிக்கொண்டார் என்று சொல்லலாம்.

ஒரு படம், பல பங்காளிகள்

எம்.பி.எஸ். இசையமைத்த முதல் தமிழ்ப்படம் 1960 நவம்பரில் வெளிவந்த 'பாதை தெரியுது பார்'. ஒரு முதலாளி பணம் போட்டு எடுத்த படம் அல்ல அது. குமாரி பிலிம்ஸ் என்ற பெயரில் பலர் சேர்ந்து பணம் போட்டு எடுத்தார்கள். கதையும் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றியது. இயக்குநர் நிமாய் கோஷ் என்ற வங்காளி. தேசப் பிரிவினையில் ஊரை இழந்து கல்கத்தாவுக்கு வந்த அகதிகளைப் பற்றி 1950இல் 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்துப் பெயர் வாங்கியவர். அதன்பின் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வேலை பார்த்தார். இந்த இரண்டு பேரும் சேர்ந்ததுதான் நம் கதையின் முக்கியமான திருப்பம்.

அந்தப் படத்துக்கு ஜெயகாந்தன், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம் போன்றவர்கள் பாட்டு எழுதினார்கள். ஜெயகாந்தன் எழுதி, பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய ஊஞ்சல் பாட்டை இன்றைக்கும் இரவு வானொலியில் கேட்டால் நம் வயதுக்காரர்கள் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்பார்கள். படத்துக்குத் தேசிய விருதுப் பட்டியலில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வசூல் கிடைக்கவில்லை. பாட்டு மட்டும் தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டே மலையாளத்தில் 'கால்பாடுகள்' படத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு வந்தது. 1961 நவம்பர் 14 அன்று, சென்னையில் உள்ள பரணி ஸ்டுடியோவில், 21 வயது இளைஞர் ஒருவரை மைக் முன்னால் நிறுத்தி ஸ்ரீ நாராயண குருவின் வரிகளைப் பாடவைத்தார். அந்த இளைஞர் கே.ஜே. யேசுதாஸ். அவருடைய முதல் திரைப்பாடல் பதிவு அதுதான். சாதியும் மதமும் மனிதர்களைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லும் வரிகளை, ஒரு கிறிஸ்தவ இளைஞர், ஒரு தமிழ் இசையமைப்பாளரின் மெட்டில் பாடினார். யேசுதாஸின் நீண்ட பயணம் அங்கே தொடங்கியது.

வாத்தியக்காரரின் நாள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாம் கேட்கும் ஒரு சினிமாப் பாட்டில் பாடியவர் பெயர் தெரியும், இசையமைத்தவர் பெயர் தெரியும், எழுதியவர் பெயர் தெரியும். பின்னால் வயலின் வாசித்த 20 பேர், தபலா, புல்லாங்குழல், சிதார், கிளாரினெட், டிரம்பெட் வாசித்தவர்கள் யார்? இசைத்தட்டில் அவர்கள் பெயர் இருக்காது. படத்தின் டைட்டிலிலும் பெரும்பாலும் இருக்காது.

தொடக்கத்தில் ஜெமினி, ஏவி.எம். போன்ற பெரிய ஸ்டுடியோக்கள் மாதச் சம்பளத்துக்கு வாத்தியக்காரர்களை வைத்திருந்தன. 1950களில் அந்த முறை தளர்ந்தது. தனித் தயாரிப்பாளர்கள் பெருகினார்கள். வாத்தியக்காரர் இன்றைக்கு ஒரு கம்பெனி, நாளைக்கு வேறொரு கம்பெனி என்று போக வேண்டியதாயிற்று. வேலை அதிகமானது உண்மை. ஆனால் அவருக்கு முதலாளி என்று யாரும் இல்லாமல் போய்விட்டது.

இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். படம் முடிந்ததும் பணம் தருகிறேன் என்று தயாரிப்பாளர் சொல்வார். படம் பாதியில் நின்றுவிட்டால் பணமும் நின்றுவிடும். காலையில் போய் உட்கார்ந்தால் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பது தெரியாது. கேட்டால் மறுநாள் கூப்பிடமாட்டார்கள். அந்த நாற்காலிக்கு வேறொருவர் காத்துக்கொண்டிருப்பார். தனி ஆளாகக் கேட்டவர் கெட்டவர் ஆகிவிடுவார், கேட்காதவர் ஏமாந்துபோவார்.

நான் வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். சம்பளம் எவ்வளவு என்று நான் மேனேஜரிடம் பேரம் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் 1946இல் அகில இந்திய அளவில் சங்கம் அமைத்து, சாஸ்திரி தீர்ப்பு, தேசாய் தீர்ப்பு என்று வழக்காடி, 1966இல் முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் அந்த நிழலில் உட்கார்ந்தோம். ஆனால் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. முதலாளி யார் என்று தெரியும். வருகைப் பதிவேடு இருந்தது. நாளுக்கு ஒரு முதலாளி உள்ள வாத்தியக்காரருக்குச் சங்கம் கட்டுவது எங்கள் சங்கத்தைக் கட்டியதைவிடப் பலமடங்கு கடினம். எம்.பி.எஸ். எடுத்துக்கொண்டது அந்தக் கடினமான வேலையை.

சங்கம் என்ன செய்தது?

சென்னையில் திரையிசை வாத்தியக் கலைஞர்களுக்கான சங்கத்தை உருவாக்கி வளர்த்தவர்களில் எம்.பி.எஸ். முதன்மையானவர். இன்றும் சினி மியூசிசியன்ஸ் யூனியன் என்ற பெயரில் அது நடக்கிறது. சங்கத்தால் கிடைத்த நன்மைகளை, கணக்கு எழுதிய பழக்கத்தில், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, வேலை நேரத்துக்கு ஓர் அளவு. கால்ஷீட் என்ற சொல் நமக்கெல்லாம் தெரியும். இத்தனை மணி நேரம் ஒரு கால்ஷீட், அதற்கு இவ்வளவு ஊதியம், நேரம் தாண்டினால் கூடுதல் என்று கணக்கு வந்தது. தொகையைச் சங்கம் தயாரிப்பாளர்களோடு பேசி முடிவு செய்யும். தனி ஆள் பேரம் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, வாசித்த அன்றே கூலி. ஒலிப்பதிவு முடிந்து வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கும்போது பணமும் கையில் இருக்க வேண்டும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், தயாரிப்பாளர் கோடீஸ்வரர் ஆனாலும் கடனாளி ஆனாலும், வாசித்தவரின் கூலி அதில் சிக்கக் கூடாது. கடன் கொடுத்து வாங்கும் இடத்தில் வேலை பார்த்த எனக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். கூலியைப் பிறகு வாங்கிக்கொள்வது என்றால், ஏழை வாத்தியக்காரர் பணக்காரத் தயாரிப்பாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது, தகராறு வந்தால் பேச ஓர் ஆள். பணம் தரவில்லை, அவமானப்படுத்தினார்கள், சொன்ன நேரத்துக்கு மேல் உட்காரவைத்தார்கள் என்றால் புகார் சங்கத்தின் பெயரில் போகும். புகார் செய்தவரை மட்டும் தனியாகப் பிரித்துப் பழிவாங்க முடியாது.

நான்காவது, கஷ்ட காலத்தில் பட்டியல். இதை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். 2020இல் கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்பும் ஒலிப்பதிவும் ஒரே நாளில் நின்றன. அப்போது பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் வழியாக உறுப்பினர்களுக்கு அரிசியும் உதவியும் போய்ச் சேர்ந்தன. கொடுக்க மனமுள்ளவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்று தெரிய ஒரு பதிவேடு வேண்டும். சங்கத்தில் பெயர் இருந்தவருக்கு உதவி போனது. பெயர் இல்லாதவர் எங்கே இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சம்மேளனம் உருவாவதற்கு உழைத்தவர்களிலும் நிமாய் கோஷும் எம்.பி.எஸ்ஸும் உண்டு.

ஐந்தாவது, சட்டம். 1981இல் நாடாளுமன்றம் சினிமாத் தொழிலாளர்களுக்காகவே தனிச் சட்டங்களை இயற்றியது. அதில் தொழிலாளி என்பதற்கான விளக்கத்தில் நடிகர், இசைக்கலைஞர், நடனக்கலைஞர் எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள். வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்றும், மூன்று படங்களிலாவது வேலை பார்த்தவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி பொருந்தும் என்றும் வந்தது. நல நிதி ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. கலைஞன் தொழிலாளி அல்ல, அவனுக்குக் கூலி பேசுவது கலைக்கு இழுக்கு என்ற பழைய பேச்சுக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

இதெல்லாம் நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் 1893இலேயே மான்செஸ்டர் நகரத்தில் ஜோ வில்லியம்ஸ் என்ற கிளாரினெட் கலைஞர் வாத்தியக்காரர் சங்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் 1942 ஆகஸ்டு 1 முதல் வாத்தியக்காரர்கள் இசைத்தட்டுக்கு வாசிக்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். தட்டு ஒன்றை ஒருமுறை பதிந்துவிட்டு ஆயிரம் முறை போட்டால், மேடையில் வாசிப்பவருக்கு வேலை போய்விடும், அதற்கு ஈடாகத் தட்டுக் கம்பெனிகள் ஒரு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது கோரிக்கை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நின்று அதில் ஜெயித்தார்கள்.

அவர் கொடுத்த விலை

சங்கம் கட்டியவருக்கு என்ன கிடைத்தது? தமிழில் அவருக்குப் படங்கள் மிகவும் குறைவு. தயாரிப்பாளரிடம் கூலிக்காக வாதாடுபவரை அதே தயாரிப்பாளர் இசையமைக்கக் கூப்பிடுவாரா? 'தாகம்', 'புதுவெள்ளம்', 'மதன மாளிகை' என்று விரல்விட்டு எண்ணும்படிதான் படங்கள். இத்தனை திறமை உள்ளவர் சென்னையிலேயே வாழ்ந்தார், சென்னையிலேயே சங்கம் நடத்தினார், ஆனால் அவர் இசையின் பெரும்பகுதி மலையாளிகளுக்குத்தான் கிடைத்தது. அங்கே ஓ.என்.வி. குறுப்பின் பாடல்களுக்கு அவர் போட்ட மெட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்', 'முகாமுகம்', 'அனந்தரம்' படங்களுக்குப் பின்னணி இசை அவருடையது. கேரள அரசின் விருதைப் பலமுறை பெற்றார்.

தமிழில் அவர் முகத்தையும் நாம் பார்க்கலாம். 1977இல் ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்தில் தாயில்லாத கழுதைக்குட்டி ஒன்றை வளர்க்கும் பேராசிரியராக நடித்திருப்பவர் எம்.பி.எஸ்.தான். அந்தப் படத்துக்கு இசையும் அவரே. கண்ணாடி அணிந்த, அமைதியான, சற்றே சங்கடப்படும் அந்த முகத்தைப் பார்த்தால், தயாரிப்பாளர்கள் இவரைக் கண்டா பயந்தார்கள் என்று தோன்றும்.

பாட்டின் சொந்தக்காரர் யார்?

கூலி ஒன்று. உரிமை வேறொன்று. ஒரு மெட்டைப் போட்டவருக்கு அன்றைய கூலி கிடைத்துவிட்டது. அந்தப் பாட்டு 40 ஆண்டு வானொலியிலும் ஓட்டலிலும் ஒலித்தால் அதில் அவருக்குப் பங்கு உண்டா? இதற்காக 1969இல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருவது அதன் வேலை. தென்னிந்தியாவில் அதை வளர்க்கவும் எம்.பி.எஸ். பாடுபட்டார்.

ஆனால் 1977 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. பணம் கொடுத்து மெட்டுப் போடச் சொன்ன தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அந்த இசைக்கு உரிமையாளர் என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக்குறிப்பு எழுதி, கலைஞர்களுக்கு நியாயம் கிடைக்கச் சட்டத்தைத் திருத்துவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டினார். சட்டம் உடனே திருந்தவில்லை. 1994இல் மேடையில் பாடுபவர், வாசிப்பவர், நடிப்பவர் ஆகியோருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று வந்தது. 2012 திருத்தத்தில்தான், பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சமபங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்து எழுதித்தர முடியாது என்று வந்தது. அதைப் பார்க்க எம்.பி.எஸ். இல்லை. அவர் மறைந்து அப்போது 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எல்லோரும் சேர்ந்து பாடினால்

1970களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். மெட்ராஸ் யூத் கொயர் என்று பெயர். நம் சங்கீதம் பெரும்பாலும் ஒருவர் பாட மற்றவர் கேட்பது. பஜனையில் பலர் பாடினாலும் எல்லோரும் ஒரே சுரத்தில்தான் பாடுவார்கள். எம்.பி.எஸ். செய்தது வேறு. ஒரு வரிசை ஒரு சுரத்தில் பாடும், இன்னொரு வரிசை வேறு சுரத்தில் பாடும், இரண்டும் மோதாமல் ஒன்றாகப் பொருந்தும். பாடியவர்கள் சினிமாப் பின்னணிப் பாடகர்கள் அல்ல. படிக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். பாரதியார் பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் அவர்களுக்குக் கற்றுத்தந்தார். தனியாகப் பாடத் தயங்குபவரும் கூட்டத்தில் நின்றால் குரல் எடுப்பார் என்பது அவர் நம்பிக்கை. சங்கத்தின் தத்துவமும் அதுதான் அல்லவா?

பள்ளிக் குழந்தைகளை நூற்றுக்கணக்கில் நிறுத்திச் சேர்ந்து பாடவைக்க ஊர் ஊராகப் போனார். அப்படி லட்சத்தீவுக்குப் போயிருந்தபோது, 1988 மார்ச் 9 அன்று அங்கேயே காலமானார். வயது 62. கடைசி நாள் வரை வேலையில் இருந்தவர்.

குறையும் உண்டு

சங்கம் என்றாலே எல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. எந்தச் சங்கத்துக்கும் இரண்டு நோய்கள் வரும். ஒன்று, உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவருக்குக் கதவைச் சாத்துவது. சேர்க்கைக் கட்டணம் ஏறிக்கொண்டே போனால், உண்மையில் சங்கம் தேவைப்படும் ஏழைக் கலைஞர் வாசலில் நிற்பார். மற்றொன்று, காலம் மாறுவதைக் கவனிக்காமல் இருப்பது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்தபின் 20 வயலின் இருந்த இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்துவிட்டது. நேரக்கூலியை எவ்வளவு நன்றாகப் பேசி வைத்திருந்தாலும், கூப்பிடவே ஆள் இல்லை என்றால் அந்தக் கூலி யாருக்கு? எம்.பி.எஸ். கூலியோடு நில்லாமல் உரிமை, ராயல்டி என்று போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகச் சங்கமே வேண்டாம் என்பது சரியாகாது. நம் குடியிருப்புச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புத் தொகை அதிகம், செயற்குழு கேட்பதில்லை என்று நாம் குறை சொல்லாத மாதம் கிடையாது. ஆனால் மோட்டார் எரிந்த அன்று தனித்தனியாக ஒவ்வொரு வீடும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருந்தால் நம் கதி என்ன? குறை இருந்தால் கூட்டத்துக்குப் போய்ப் பேசுவதுதான் வழி. சந்தாவை நிறுத்துவது வழி அல்ல.

நம் ஊரில்

நம் ஒலக்கூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் கலைஞர்களுக்குப் பேர்போன மண். திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து என்றால் செஞ்சிப் பக்கம்தான் அதற்குத் தாய்வீடு. இன்றைக்கும் கூத்துக் கட்டுபவர்கள், பம்பை அடிப்பவர்கள், நாதஸ்வரம் தவில் வாசிப்பவர்கள், பேண்டு செட்டுக்காரர்கள், மெல்லிசைக் குழுவில் பாடுபவர்கள் நம்மைச் சுற்றிய ஊர்களில் இருக்கிறார்கள். எம்.பி.எஸ். பேசியது சினிமா ஸ்டுடியோ வாத்தியக்காரருக்காக. நம் ஊர்க் கலைஞரின் நிலைமை அந்தக் காலத்து ஸ்டுடியோ வாத்தியக்காரரின் நிலைமைதான். நாளுக்கு ஒரு முதலாளி, வாய்ப்பேச்சில் ஒப்பந்தம், முன்பணம் கொஞ்சம், மீதி விழாக் கமிட்டியின் மனசு.

இவர்களுக்காக 2007இல் தமிழ்நாடு அரசு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தை ஏற்படுத்தியது. பதிவு செய்துகொண்ட உறுப்பினருக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவி, இறந்தால் குடும்பத்துக்கு உதவி என்று திட்டங்கள் உண்டு. ஊரடங்கின்போது நல வாரியங்களில் பதிந்திருந்தவர்களுக்கு அரசின் நிவாரணத் தொகையும் கிடைத்தது. முதுமையில் நலிந்துபோன கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாத உதவியும் உண்டு. ஆனால் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வைத்திருப்பவருக்குத்தான் வாரியத்தின் பலன். இரவெல்லாம் ஆடிவிட்டு விடியற்காலையில் வீடு திரும்பும் கூத்துக் கலைஞருக்கு விண்ணப்பம் நிரப்பவும் அலுவலகம் போகவும் நேரமோ பழக்கமோ இல்லாமல் இருக்கலாம்.

இங்கே நாம் செய்யக்கூடியது மூன்று உண்டு. வரும் விழாவுக்கு முன் நம் செயற்குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. நிகழ்ச்சிக்குக் கூப்பிடும்போதே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, சாப்பாடும் வண்டிச் செலவும் யாருடையது, மழை வந்து நின்றால் எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும். அரைப் பக்கம் போதும்.

2. நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே முழுத் தொகையையும் கொடுத்துவிடுவோம். வசூல் வரவில்லை, பொருளாளர் ஊரில் இல்லை என்பது நம் பிரச்சினை. அதை அவர் தலையில் வைக்கக் கூடாது. குழுத் தலைவரிடம் மொத்தமாகக் கொடுக்கும்போது, மற்றவர்களுக்கும் அன்றே பங்கு போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

3. நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்போம். இல்லையென்றால், நம் குடியிருப்பில் ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறோம். படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்று விசாரித்துச் சொல்லக்கூடியவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தால் போதும். நான் வருகிறேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தக் காலாண்டிலேயே தொடங்கிவிடலாம். சேர விரும்புவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

எம்.பி.எஸ். இசையில் ஒரு பாட்டையாவது இந்த வாரம் கேட்டுப்பாருங்கள். பாடுபவரை ஒருமுறை கேளுங்கள். இரண்டாம் முறை, பின்னால் வாசிப்பவர்களை மட்டும் கேளுங்கள். பெயர் தெரியாத அந்த மனிதர்கள் அன்று மாலை கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக, மெட்டுப் போடும் வேலைக்கு நடுவே சங்கம் கட்டிய மனிதர் அவர்.